ஆய்வேடு இல்லாத எம்.எஸ்ஸி. அரைப் பட்டமா?

– பத்தாம் வகுப்பு மாணவி



பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு எம்.எஸ்ஸி. பட்டத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் சிரிக்கக்கூடும். முதலில் பொதுத் தேர்வை ஒழுங்காக எழுதுங்கள், மேற்படிப்பைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்வாரும் உண்டு. ஆனால் இப்போது பேசாவிட்டால் பிறகு பேசிப் பயனில்லை என்பது எங்கள் எண்ணம். வருகிற ஜூன் மாதத்தில் மேல்நிலை வகுப்பில் எந்தப் பிரிவு வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். வேதியியலும் உயிரியலும் இல்லாத பிரிவை எடுத்துவிட்ட பெண், பின்னால் எவ்வளவு ஆசைப்பட்டாலும் நுண்ணுயிரியல் பட்டப்படிப்பில் நுழைவது அரிது. ஐந்து, ஏழு ஆண்டுகளுக்குப் பின் வரவேண்டிய முடிவை ஒரு விண்ணப்பத் தாளின் ஒரு கோட்டில் இப்போதே எழுதுகிறோம். ஆகவே கடைசிப் படி எப்படி இருக்கிறது என்று முதற்படியில் நின்றே எட்டிப் பார்க்க எங்களுக்கு உரிமை உண்டு.

எங்கள் வகுப்பில் நுண்ணுயிரியல் படிக்க விரும்புகிறவர்கள் ஆறேழு பேர் இருக்கிறோம். கொரோனாக் காலத்தில் நாங்கள் சிறு பிள்ளைகள். பள்ளி மூடிக்கிடந்த 2020-ஆம் ஆண்டில், காலையும் மாலையும் வீட்டுத் தொலைக்காட்சியில் பரிசோதனைக் கூடங்களைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். முகமூடியும் நீண்ட அங்கியும் அணிந்து சின்னச் சின்னக் குழாய்களில் மாதிரிகளை எடுத்து வைத்தவர்களில் பெண்கள் எத்தனை பேர்! அந்த ஆசை எங்களில் பலருக்கு அப்போது வந்ததுதான்.

இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியபோது ஒரு வாதம் எங்கள் காதில் விழுந்தது. எம்.எஸ்ஸி. படிப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆய்வு செய்து ஆய்வேடு எழுதிக் கொடுத்துப் பெறும் பட்டம். மற்றொன்று, ஆய்வேடு இல்லாமல் பாடங்களையும் செய்முறைகளையும் படித்துத் தேர்வெழுதிப் பெறும் பட்டம். இரண்டாவதைப் பாடவழிப் பட்டம் என்று வைத்துக்கொள்வோம். அது அரைப் பட்டம், சோம்பேறிகளின் பட்டம், பெண்கள் கல்யாணத்துக்கு முன் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பட்டம் என்றெல்லாம் பேசுகிறார்கள். இது நியாயந்தானா என்பதே எங்கள் கேள்வி.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நெடுநாளாகவே இரண்டு வழியையும் வைத்திருக்கின்றன. பொதுவாக முப்பது அலகு அளவுக்குப் படிக்க வேண்டும். ஆய்வேடு எழுதுகிறவர் அதில் ஒரு பங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவார். எழுதாதவர் அந்தப் பங்குக்கு மேலும் சில பாடங்களைப் படித்து, முடிவில் எல்லாப் பாடங்களையும் சேர்த்துக் கேட்கும் ஒரு பெருந்தேர்வை எழுதுவார் அல்லது ஒரு செயல்திட்டம் முடித்துக் கொடுப்பார். ஆஸ்திரேலியாவில் பாடவழி முதுநிலை, ஆய்வுவழி முதுநிலை என்று பெயரிலேயே பிரித்திருக்கிறார்கள். அங்கே பாடவழியில் வருகிறவரும் கடைசியில் தாமாக ஏதேனும் ஒரு பெரிய வேலையைச் செய்து காட்டியாக வேண்டும்.

நம் நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் எம்.எஸ்ஸி. என்றால் இரண்டு ஆண்டு, நான்கு பருவம், கடைசிப் பருவத்தில் ஓர் ஆய்வுத் திட்டம் என்பதே வழக்கம். 2024-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு முதுநிலைப் படிப்புகளுக்கு ஒரு புதிய வரைவமைப்பை வெளியிட்டது. இரண்டாம் ஆண்டு முழுவதும் பாடங்களையே படிக்கலாம். அல்லது ஒரு பருவம் பாடமும் ஒரு பருவம் ஆய்வுமாக வைத்துக்கொள்ளலாம். அல்லது முழு ஆண்டும் ஆய்வே செய்யலாம் என்று அதில் மூன்று வழிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே ஆய்வேடு இல்லாத எம்.எஸ்ஸி. இனி வெளிநாட்டுச் சமாசாரம் மட்டுமன்று. நாங்கள் கல்லூரிக்குப் போகும்போது இது எங்கள் முன்னாலேயே வந்து நிற்கும்.

சேர்வதற்கு என்ன வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். நுண்ணுயிரியலில் பி.எஸ்ஸி. இருந்தால் நல்லது. தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம் படித்தவர்களையும் பல இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். வெளிநாடுகளில் கரிம வேதியியல், உயிர்வேதியியல், மரபியல், புள்ளியியல் ஆகியவற்றை முன்பே படித்திருக்கிறாயா என்று பார்க்கிறார்கள். கணக்குக்குப் பயந்து உயிரியல் பக்கம் ஓடி வருகிற தோழியர் அந்தக் கடைசிப் பாடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்! அங்கேயும் கணக்கு வந்து காத்துக்கொண்டிருக்கிறது.

ஆய்வேடு வேண்டும் என்பவர்களின் வாதத்தை நாங்கள் இலேசாகத் தள்ளிவிடவில்லை. அவர்கள் பக்கத்தில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. அது நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது; இரண்டு பெண்கள் நடத்தியது.

1985-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியலில் பட்டமேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தவர் டாக்டர் செல்லப்பன் நிர்மலா. ஆய்வேட்டுக்கு அவர் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, அவருடைய பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் நோய் நம் ஊரில் இருக்கிறதா என்று பார் என்று சொன்னார். அமெரிக்காவில் அந்த நோய் 1981-லேயே வெளிப்பட்டுவிட்டது. நம் நாட்டில் அது கிடையாது, வரவும் வராது என்று பெரியவர்கள் பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நிர்மலா தயங்கினார். அவர் சிறிய ஊரில், கட்டுப்பாடான குடும்பத்தில் வளர்ந்தவர். அவருடைய கணவர்தான் துணிவு கொடுத்தார்.

அவர் அரசுக் காப்பகத்தில் இருந்த பெண்களிடமும் பிறரிடமும் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. மாதிரிகளைப் பாதுகாக்கச் சரியான இடமும் இல்லாததால், தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். 1986 பிப்ரவரியில் இரவு இரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அந்த மாதிரிகளை எடுத்துச் சென்றார். அங்கே எலைசா என்னும் சோதனையைச் செய்து பார்த்தபோது, ஆறு மாதிரிகளில் மஞ்சள் நிறம் தெரிந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பி மறு சோதனை செய்தும் அதுவே உறுதியாயிற்று. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அதுதான். செய்தி சட்டமன்றம் வரை போயிற்று. நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்துத் தேர்வெழுதினார். பின்பு கிண்டி கிங் நிறுவனத்தில் பணி செய்தார். சுனிதி சாலமன் எய்ட்ஸ் நோயாளிகளுக்கெனச் சென்னையில் ஒரு மையம் தொடங்கி, 2015-இல் மறையும்வரை அந்தப் பணியிலேயே இருந்தார்.

ஒரு மாணவியின் ஆய்வேடு ஒரு நாட்டின் கண்ணைத் திறந்திருக்கிறது. இப்படியிருக்க, ஆய்வேடே வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? நாங்களும் இதை முதலில் கேட்டபோது வாயடைத்துப் போனோம்.

ஆனால் சற்று நிதானமாகப் பார்த்தால் சில வேறுபாடுகள் தெரிகின்றன. நிர்மலா படித்தது எம்.டி. என்னும் மருத்துவ மேற்படிப்பு. அவர் ஏற்கெனவே மருத்துவர். நல்ல கேள்வியைக் கையில் கொடுத்து, கூடவே நின்ற ஒரு பேராசிரியை அவருக்குக் கிடைத்தார். வேலூரில் ஓர் ஆய்வுக்கூடம் கதவைத் திறந்து வைத்திருந்தது. வீட்டில் கணவர் தடை சொல்லவில்லை. இத்தனையும் சேர்ந்ததால்தான் அந்த ஆய்வேடு ஆய்வேடாக இருந்தது. இவற்றில் ஒன்றும் இல்லாமல், கடைசிப் பருவத்து நான்கு மாதங்களில், முப்பது மாணவிகளும் ஆளுக்கோர் ஆய்வேடு கொண்டுவர வேண்டும் என்று சட்டம் போட்டால் என்ன நடக்கும்?

என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், வெளியில் சொல்வதில்லை. வேப்பிலைச் சாறு எந்தக் கிருமியைக் கொல்லும், துளசிச் சாறு எந்தக் கிருமியைக் கொல்லும், கொய்யா இலைச் சாறு எந்தக் கிருமியைக் கொல்லும் என்று அதே தலைப்பு ஆண்டுக்கு ஆண்டு இலையை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறது. (எங்கள் தாத்தா பாட்டிமார் இவற்றுக்கெல்லாம் பட்டம் வாங்காமலே விடை சொல்வார்கள்!) கல்லூரியில் வசதி இல்லையென்று வெளியே தனியார் கூடங்களுக்குப் பணம் கட்டிப் போகிறார்கள். அங்கே மாணவியின் கையில் பிப்பெட்டைக் கொடுப்பவர்களும் உண்டு. முடிவுகளை அச்சடித்து, அட்டை போட்டு, பொன்னிற எழுத்துப் பொறித்துக் கையில் கொடுத்து அனுப்புபவர்களும் உண்டு. இந்தப் பள்ளியில் படித்துச் சென்ற ஓர் அக்கா, தம் ஆய்வேட்டின் எழுபது பக்கங்களில் தாமே செய்தது எத்தனை பக்கம் என்று விரலை மடக்கி எண்ணிக் காட்டினார். ஒரு கை போதுமானதாக இருந்தது. அந்த அக்காவின் மீது குற்றமில்லை. இரசாயனம் வாங்கவே கல்லூரியில் பணமில்லை.

பொய்யான ஆய்வேட்டைவிட ஆய்வேடு இல்லாமலிருப்பதே மேல் என்பது எங்கள் துணிந்த கருத்து. அறிவியல் படிக்கிறவள் முதன்முதலாக எழுதும் நூலே பிறர் எழுதிக்கொடுத்தது என்றால், அதன்பின் அவள் குறித்துவைக்கும் எண்களை யார் நம்புவது?

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஆண்டு மலரில் பணத்தைப் பற்றி எழுதுவது அழகில்லை என்று சிலர் நினைக்கலாம். எங்கள் வகுப்பில் தையல் தைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தாயார் இருக்கிறார். ஆட்டோ ஓட்டும் தந்தையும் இருக்கிறார். ஆறு மாதம் வெளியூரில் விடுதி பிடித்து, ஆய்வுக்கூடத்துக்குக் கட்டணமும் கட்டி, இரவு எட்டு மணிக்கு மேல் தனியாகத் திரும்பி வா என்று பெண்ணை அனுப்புவது எல்லா வீட்டிலும் நடக்காது. கிருமிகள் கடிகாரம் பார்த்து வளர்வதில்லை. காலையில் தட்டில் தீற்றினால் மறுநாள் காலையில்தான் பார்க்க முடியும். ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். ஆய்வேடு கட்டாயம் என்று சொன்னால் இப்படிப்பட்ட வீட்டுப் பெண்கள் பலர் பி.எஸ்ஸி.யோடு நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு நேர்மையான பாடவழிப் பட்டம் ஒன்று இருக்குமானால், அதை அரைப் பட்டம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

அப்படிப் படித்தவர்களுக்கு வேலை எங்கே என்று அப்பாமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நுண்ணுயிரியல் படித்த எல்லோரும் புதுக் கிருமி கண்டுபிடிக்கப் போவதில்லை. மருந்துத் தொழிற்சாலையில் ஊசி மருந்து கிருமியற்றதுதானா என்று ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க ஆள் வேண்டும். அந்தச் சோதனைக்குப் பதினான்கு நாள் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். குடிநீரில் நூறு மில்லி லிட்டருக்குள் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது நம் நாட்டுத் தரவிதி. அதைப் பார்க்கவும் ஆள் வேண்டும். பால் பண்ணை, மீன் ஏற்றுமதி, மருத்துவமனைக் கூடம் எல்லாவற்றிலும் அப்படியே. உணவுப் பகுப்பாய்வாளர் என்னும் பதவிக்கு மத்திய அரசின் விதி என்ன கேட்கிறது தெரியுமா? வேதியியல், நுண்ணுயிரியல் முதலிய பாடங்களில் ஒன்றில் முதுநிலைப் பட்டம், உணவுச் சோதனையில் மூன்று ஆண்டு அனுபவம், பிறகு ஒரு தகுதித் தேர்வு. ஆய்வேடு எழுதினாயா என்று அது கேட்கவில்லை. இந்த வேலைகளுக்கெல்லாம் வேண்டியது கைத்திறமை, பொறுமை, உள்ளதை உள்ளபடி எழுதும் குணம் ஆகியவைதாம்.

கல்லூரி ஆசிரியையாக விரும்புகிறவர்களுக்கும் வழி அடைபடவில்லை. முதுநிலையில் ஐம்பத்தைந்து சதவீத மதிப்பெண்ணும் தகுதித் தேர்வில் வெற்றியும் முக்கியம். முனைவர் பட்ட ஆராய்ச்சியில் சேரவும் பொதுவாக அந்த ஐம்பத்தைந்து சதவீதத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று இப்போதே மனத்தில் உறுதி கொண்ட தோழி, ஆய்வுள்ள வழியையே எடுக்கட்டும். அதுவே அவளுக்கு நல்லது. நேர்முகத்தில் நீ செய்த ஆய்வு என்ன என்று முதலிலேயே கேட்பார்களாம். விடையில்லாமல் நிற்பது கடினம். இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் சொன்னதனால் பாடவழிப் பட்டத்துக்கு நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடி பிடிக்கிறோம் என்று எண்ணவேண்டாம். இங்கேதான் எங்களுக்கு உண்மையான அச்சம் இருக்கிறது. அது கணக்கில் ஒளிந்திருக்கிறது.

பருவ முறையில் ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை அலகு என்று வைத்திருக்கிறார்கள். வகுப்பில் உட்கார்ந்து பதினைந்து மணி நேரம் பாடம் கேட்டால் ஓர் அலகு. செய்முறையென்றால் முப்பது மணி நேரம் நின்று வேலை செய்தால்தான் ஓர் அலகு. அப்படியானால் நான்கு அலகுக்குப் பாடம் நடத்த அறுபது மணி போதும். அதே நான்கு அலகுக்குச் செய்முறை நடத்த நூற்றிருபது மணி வேண்டும். அத்தனை மணிக்கும் இரசாயனம், கண்ணாடிச் சாமான், மின்சாரம், உதவியாளர் சம்பளம் எல்லாம் வேண்டும். பாடத்துக்கு ஒரு கரும்பலகை போதும். இப்போது யோசித்துப் பாருங்கள். ஆய்வேடு வேண்டாம், பாடம் போதும் என்று விதி வந்தவுடன், செலவைப் பார்க்கும் நிர்வாகம் எந்தப் பாடத்தைக் கூட்டும்? செய்முறையையும் சேர்த்துச் சுருக்கிவிட்டு, பன்னிரண்டு தாள் எழுத்துத் தேர்வை வைத்துப் பட்டம் கொடுத்துவிடுவார்கள். கிருமியை நுண்ணோக்கியில் பார்க்காமலே நுண்ணுயிரியலில் முதுநிலைப் பட்டம்! சமையலறைக்குள் போகாமல் சமையல் புத்தகத்தை நெட்டுருப் போட்டவள் வைத்த சாம்பாரை யார் வாயில் வைப்பார்?

சமையலறை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆய்வுக்கூடத்துக்கும் அடுக்களைக்கும் நாம் எண்ணுவதைவிட உறவு அதிகம். கிருமிகளை அழிக்கும் ஆட்டோகிளேவ் என்னும் பாத்திரம் நம் வீட்டுப் பிரஷர் குக்கருக்குப் பெரியக்காள். பதினைந்து பவுண்டு அழுத்தம், 121 பாகை வெப்பம், பதினைந்து நிமிடம். இட்லி மாவைப் பொங்க வைப்பதும் நுண்ணுயிர்களே. கிருமிகளை வளர்க்கும் அகர் கூட அடுக்களையிலிருந்து போனதுதான். ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்னும் பெரிய விஞ்ஞானியின் கூடத்தில் ஜெலட்டினை வைத்துக் கிருமி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் நாளில் அது உருகி வழிந்துவிடும். அங்கே வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, 1881-இல், நான் பழக்கூழுக்குப் போடும் அகரைப் போட்டுப் பாருங்கள் என்று யோசனை சொன்னார். ஜாவாவில் வாழ்ந்துவந்த ஒருவரிடம் அவர் கற்றுக்கொண்ட சமையல் முறை அது. அகர் ஒருமுறை உறைந்துவிட்டால் எண்பத்தைந்து பாகை அளவுக்குச் சூடு ஏறினால்தான் மறுபடி உருகும். ஆகவே உடல் வெப்பமான முப்பத்தேழு பாகையில் வைத்தாலும் அசையாமல் இருக்கும். ரம்ஜான் மாதத்தில் எங்கள் இஸ்லாமியத் தோழியர் வீட்டிலிருந்து கடல்பாசி என்று கொண்டுவந்து தருவார்களே, அதே பொருள்தான். இராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வரும் பாசியிலிருந்தும் அது எடுக்கப்படுகிறது. கோக் தம் கட்டுரையில் அகரைச் சொன்னார். ஃபானியின் பெயரைச் சொல்லவில்லை. அந்த அம்மையாருக்குப் பட்டமும் இல்லை, ஆய்வேடும் இல்லை. கை பழகிய அறிவு இருந்தது.

ஆகவே பாடவழிப் பட்டத்துக்கு எங்கள் நிபந்தனை முதலாவது கையைப் பற்றியது. ஆய்வேட்டை எடுத்துவிட்டால் அந்த மணி நேரம் முழுவதையும் செய்முறைக்கே கொடுக்க வேண்டும். வேறு தாள்களுக்குக் கொடுக்கக்கூடாது. கிராம் சாயமிடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1884-இலேயே வந்துவிட்ட முறை. ஊதாச் சாயம், அயோடின், சாராயம், பிறகு சிவப்புச் சாயம் என்று நான்கு வரியில் எழுதிவிடலாம். தேர்வில் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் சாராயத்தைச் சில விநாடி கூடுதலாக ஊற்றிவிட்டால் ஊதாவாக நிற்கவேண்டிய கிருமியும் நிறமிழந்து சிவப்பாகத் தெரியும். மருத்துவர் அந்த முடிவைப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார். அந்தச் சில விநாடியை எந்தப் புத்தகமும் கற்றுத் தராது. ஐம்பது முறை செய்த கைதான் அறியும்.

அடுத்தது, ஒவ்வொரு மாணவிக்கும் பெயர் சொல்லாத ஒரு கிருமிக் குழாயைக் கொடுக்க வேண்டும். அது என்னவென்று அவளே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். தீற்றித் தனியாகப் பிரித்து, சாயமிட்டு, சர்க்கரைச் சோதனைகள் செய்து, நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி, இன்ன காரணத்தால் இது இன்னது என்று முடிவு சொல்ல வேண்டும். சில கல்லூரிகளில் இதை நன்றாகவே நடத்துகிறார்களாம். சில வார வேலைதான், செலவும் அதிகமில்லை. விடை ஆசிரியைக்குத் தெரியும் என்பதால் வெளியில் விலைக்கு வாங்கிவர முடியாது. பொய்யான எழுபது பக்கத்தைவிட இந்தப் பத்துப் பக்கம் எவ்வளவோ உயர்ந்தது. ஆஸ்திரேலியாவில் கேட்கிறார்களே கடைசியில் ஒரு சொந்த வேலை, அதற்கு இது ஓரளவு ஈடு என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

வாய்மொழித் தேர்வும் இருக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் படித்து, எழுதி, மறந்துபோவது எங்களுக்கே பழக்கமாகிவிட்டது. பத்தாம் வகுப்பிலேயே இப்படி என்றால் அங்கே கேட்கவா வேண்டும்? இரண்டு ஆண்டுப் பாடத்தையும் சேர்த்து வெளியிலிருந்து வந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால், எது நின்றது, எது பறந்தது என்று தெரிந்துவிடும். அமெரிக்காவில் வைக்கும் அந்தப் பெருந்தேர்வை இங்கும் வைக்கலாம். புள்ளியியலைப் பற்றி முன்பே சொல்லிவிட்டோம். மறுபடி சொன்னால் எங்கள் தோழியரே எங்களை அடிப்பார்கள்!

இந்த நிபந்தனைகளுக்குட்பட்டு ஒரு பெண் பாடவழியில் பட்டம் பெற்றால், அது முழுப் பட்டமே. அவளைப் பார்த்து, ஆய்வேடு எழுதினாயா என்று இளக்காரமாகக் கேட்பவர், கிராம் சாயம் இட்டுக் காட்டு என்று கேட்கட்டும். அவள் செய்து காட்டுவாள். நிபந்தனைகள் இல்லாமல் வெறும் தாள்களுக்குக் கொடுக்கப்படுமானால், அரை என்ன, காற்பட்டம் என்று சொன்னாலும் நாங்கள் மறுக்கமாட்டோம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியில் சேர்க்க எங்களை அழைத்துப் போகும்போது, விடுதியில் சாப்பாடு எப்படி, வாயிலில் காவலாளி உண்டா என்று கேட்கிறீர்கள். அவற்றைக் கேட்க வேண்டியதுதான். அதோடு ஆய்வுக்கூடத்தையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். நுண்ணோக்கி ஒன்றுக்கு எத்தனை மாணவிகள் என்று கேளுங்கள். ஆட்டோகிளேவ் வேலை செய்கிறதா, மேலே தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் வீட்டுக் குக்கரைப் போலத்தான் இருக்கும், உங்களுக்குத் தெரியாமல் போகாது. கடந்த ஆண்டு மாணவிகளின் செய்முறைக் குறிப்பேடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாக் குறிப்பேட்டிலும் ஒரே எண்கள் இருந்தால் அடுத்த கல்லூரிக்கு நடையைக் கட்டுங்கள்.

அருட்சகோதரிகளிடம் நாங்கள் கேட்பது ஒன்று. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் நுண்ணுயிரியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. அதற்கென அரசுப் பாடநூலும் உண்டு. ஆனால் அதை நடத்தும் பள்ளிகள் குறைவு. நம் பள்ளியில் அதைத் தொடங்க முடியுமா என்று ஆலோசிக்க வேண்டுகிறோம். உடனே முடியாவிட்டால், இந்தக் கோடை விடுமுறைக்கு முன் ஒரே ஒரு நாள், பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மட்டும், அகர் காய்ச்சித் தட்டில் ஊற்றி, எங்கள் விரலை அதில் ஒற்றி வைக்க விடுங்கள். சோப்பிட்டுக் கழுவும் முன் ஒரு தட்டு, கழுவிய பின் ஒரு தட்டு. இரண்டு நாள் கழித்து மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, அதன்பின் எந்தப் பிரிவு என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுக்கிறோம்.